கண்ணாடித் தொட்டியில் பச்சைப் பாசி

உங்கள் வீட்டில் மீன்தொட்டி இருக்கிறதா? இல்லையென்றாலும் பிள்ளைகள் ஒருநாள் கேட்கத்தான் போகிறார்கள். ஆகையால் இதைப் படித்து வையுங்கள்.

ஏற்காடு மலைப்பாதை தொடங்கும் அடிவாரத்தில் எங்கள் வீடு. என் இளைய மகள் குர்ஆன் ஓதி முடித்த மகிழ்ச்சியில், "என்ன வேண்டும்?" என்று கேட்டேன். "மீன்தொட்டி, அத்தா" என்றாள். சேலத்துக்குச் சென்று இரண்டடி நீளத் தொட்டியும் பத்துக் கப்பி மீன்களும் வாங்கி வந்து, காலை வெயில் விழும் சன்னலோரத்தில் வைத்தேன். வெயில் பட்டு மீன்கள் மின்னியது கண்கொள்ளாக் காட்சி. என் முதல் தவறும் அதுவே.

இரண்டு மாதத்தில் கண்ணாடியெங்கும் பச்சை படர்ந்தது. சுரண்டினேன், மறுவாரமே மீண்டும் வந்தது. பிறகு தண்ணீரே கீரை வேகவைத்த நீர்போல் ஆயிற்று. எனக்கோ அழுக்கைக் கண்டால் ஆகாது. ஒரு வியாழக்கிழமை தொட்டி முழுவதையும் கவிழ்த்தேன். கூழாங்கற்களைத் தேய்த்துக் கழுவினேன். வடிகட்டியின் பஞ்சைக் குழாயடியில் வெளுக்கும்வரை பிழிந்தேன். குழாய்நீரை அப்படியே நிரப்பி மீன்களை விட்டேன். தொட்டி பளிங்குபோல் இருந்தது. மூன்று நாட்களில் ஏழு மீன்கள் செத்து மிதந்தன.

மகள் அழவில்லை. "பாசி இருந்தபோது நன்றாகத்தானே இருந்தன, அத்தா?" என்று மட்டும் கேட்டாள். மதரஸாவில் எத்தனையோ கேள்விகளுக்கு விடை சொல்லிப் பழகிய எனக்கு அன்று வாய் எழவில்லை. கலைப் பாடம் படித்துப் பட்டம் பெற்றவன் நான். அதன்பின்னரே அறிவியல் நூல்களைத் தேடிப் படித்தேன்.

மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. அது மீனுக்கு நஞ்சு. வடிகட்டிப் பஞ்சிலும் கூழாங்கல்லிலும் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாகவும், பின்பு அவ்வளவாகத் தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. குடிநீரில் கலக்கும் குளோரின் அந்த நுண்ணுயிர்களைக் கொல்லும். மீனின் செவுளையும் தாக்கும். அழிந்த நுண்ணுயிர்கள் மீண்டும் பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அழுக்கென்று எண்ணி நான் பிழிந்தெறிந்தது மீன்களின் உயிர்க்காவலை. பாசியோ அந்த நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் உண்டு, வெளிச்சத்தில் வளர்வது. அவை இருக்கும்வரை சுரண்டச் சுரண்ட வரும்.

இதைப் பள்ளிவாசல் மோதினாரிடம் சொன்னேன். அவர் ஹவுளைக் காட்டிச் சிரித்தார். "இதிலும் மீன் இருக்கிறது. மேலே கூரை இருக்கிறது, ஹஜ்ரத். வெயில் சாய்ந்து விழுகிற அந்த மூலையில் மட்டும்தான் பாசி. பொரி போடவரும் பிள்ளைகளையும் நான் விரட்டிவிடுகிறேன்." வெளிச்சம், தீனி என்ற இரண்டையும் நூல் எதுவும் படிக்காமலே சொல்லிவிட்டார். பொரி போடும் பிள்ளைகள் என் மாணவர்கள்தாம் என்பதை நான் சொல்லிக்கொள்ளவில்லை.

அண்டை வீட்டார் ஒருவர் மயில்துத்தம் போடச் சொன்னார். காப்பித் தோட்டங்களில் இலைத்துரு நோய்க்குச் சுண்ணாம்புடன் கலந்து தெளிப்பார்களே, அதுதான். பாசி சாகும் என்பது உண்மை. ஆனால் அளவு சற்று மிஞ்சினால் மீனும் நத்தையும் சாகும்; செத்த பாசி அழுகி நீரிலுள்ள பிராணவாயுவையும் குறைக்கும். தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். பாசி தின்னும் என்று விற்கப்படும் 'சக்கர்' மீனையும் நான் வாங்கவில்லை. தென் அமெரிக்காவைச் சேர்ந்த அது ஓரடிக்கும் மேல் வளரக்கூடியது. தொட்டியில் இடம் போதாமல் பலர் ஏரியில் விட்டுவிட, இன்று தமிழகத்து நீர்நிலைகள் பலவற்றில் அது பெருகி நம் நாட்டு மீன்களுக்கு இடையூறாகியிருக்கிறது. ஏற்காட்டு ஏரியில் அப்படியொன்றை விட்டவன் என்ற பெயர் எனக்கு வேண்டாம்.

நான் செய்தது இவ்வளவே. தொட்டியைச் சன்னலைவிட்டு உட்சுவருக்கு மாற்றினேன். விளக்கை நாளொன்றுக்கு 6 மணிநேரமே எரிய விடுகிறோம். இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவே தீனி. அதை அளந்து போடும் பொறுப்பு மகளுடையது. வாரம் ஒருமுறை ஐந்தில் ஒரு பங்கு நீரை மாற்றுகிறேன். புதுநீரை முதல்நாளே வாளியில் திறந்துவைத்தால் குளோரின் பெரும்பாலும் போய்விடும். பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த பழைய நீரிலேயே இலேசாக அலசுகிறேன். பாசி உண்ணும் சத்தைப் பங்கிட்டுக்கொள்ள வேலம்பாசி நட்டிருக்கிறேன். முதல் மாதம் மாற்றமே தெரியவில்லை. பொறுமையிழந்து இருமுறை தொட்டியைக் கவிழ்க்கப் போனேன். இருமுறையும் மகள் குறுக்கே வந்து நின்றாள்.

மிஞ்சிய மூன்று மீன்கள் இப்போது இருபதுக்கும் மேலாகிவிட்டன. முன்கண்ணாடியை மட்டும் துடைக்கிறேன். பின்கண்ணாடியில் மெல்லிய பச்சைப் படலம் இருக்கிறது. குஞ்சுகள் அதைத்தான் நாள்முழுதும் கொத்திக்கொண்டிருக்கின்றன.