பார்சலோடு வரும் கடிதம்

கான்சாபுரம்,
ஞாயிறு இரவு.

அன்புள்ள மருமகள் பாப்பாவுக்கு, மாமா எழுதிக்கொண்டது. பிளவக்கல் அணையில் தண்ணீர் திறந்துவிட்டார்கள். அம்மாச்சி நாற்றங்காலே கதி என்று கிடக்கிறாள்.

நேற்று நீ போனில் அழுததை உன் அம்மாவிடம் சொல்லவில்லை. முதல் டெஸ்டில் 25க்கு 9 வாங்கினால் எலக்ட்ரானிக்ஸ் வராது என்று அர்த்தமா? அழுதுகொண்டே ஒரு கேள்வி கேட்டாயே, "கரண்ட் பிளஸ்ல இருந்து மைனஸுக்குப் போகுதுங்கிறாங்க, எலக்ட்ரான் மைனஸ்ல இருந்து பிளஸ்ஸுக்குப் போகுதுங்கிறாங்க, எது மாமா நிஜம்?" என்று. நான் ஆறு வருஷம் ஒரு ரேடியோ கடையில் கையாளாக இருந்தேன். இந்தப் பார்ட்டை மாற்று, அந்தப் பார்ட்டை மாற்று என்பதோடு சரி. ஏன் என்று கடைக்காரரும் சொன்னதில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. உனக்குத் தோன்றியிருக்கிறது. போனில் விளக்கி முடியாது என்பதால்தான் இந்தக் கடிதம்.

பிளஸ், மைனஸ் என்று பெயர் வைத்தவர் அமெரிக்காவின் பெஞ்சமின் பிராங்க்ளின், 1740களில். எது நகர்கிறது என்று பார்க்க அன்றைக்கு வழியில்லை, உத்தேசமாக வைத்தார். தாம்சன் எலக்ட்ரானைக் கண்டுபிடித்தது 1897இல். கம்பியில் நகர்வது மைனஸ் சரக்கு என்று அப்புறம்தான் தெரிந்தது. அதற்குள் புத்தகமெல்லாம் பழைய திசையில் எழுதியாகிவிட்டது. மரத்தை வெட்டி எத்தனையோ வருஷம் ஆகியும் 'ஆலமரத்து ஸ்டாப்' என்று டிக்கெட் கேட்கிறோமே, அது மாதிரிதான். டயோடு படத்தில் இருக்கிற அம்பும் பழைய திசைதான். கணக்குக்கு அதையே பிடித்துக்கொள், விடை மாறாது.

அடுத்து வோல்ட், ஆம்பியர், ஓம். கண்மாயில் தண்ணீர் எவ்வளவு உயரம் நிற்கிறதோ அது வோல்ட்டேஜ். வாய்க்காலில் நொடிக்கு எவ்வளவு ஓடுகிறதோ அது கரண்ட். வாய்க்கால் குறுகலாக, புல் மண்டிக் கிடந்தால் அது ரெசிஸ்டன்ஸ். மண்வெட்டியோடு என் பின்னாலேயே வயலுக்கு வந்தவள் நீ, இது உனக்குத் தெரியும். ஆனால் இந்த உவமை ஓர் இடத்தில் காலை வாரிவிடும். கரையை வெட்டினால் தண்ணீர் வெளியே பாயும். கம்பியை வெட்டினால் கரண்ட் சொட்டுக்கூட வெளியே வராது, அப்படியே நின்றுவிடும். பேட்டரியில் புறப்பட்டது பேட்டரிக்கே திரும்பி வர வழி இருந்தால்தான் ஓட்டமே உண்டு. அதனால்தான் சர்க்யூட், சுற்று என்று பெயர்.

எல்.இ.டி.க்கு ரெசிஸ்டரை முன்னால் போடுவதா பின்னால் போடுவதா என்று குழம்பினாயே, அதற்கும் பதில் இதுதான். எங்கே போட்டாலும் ஒன்றுதான். ஒரே வளையத்தில் ஓடும் கரண்ட் எல்லா இடத்திலும் ஒரே அளவு. ரெசிஸ்டரைத் தாண்டிய பிறகுதான் குறையும் என்று நீ நினைத்தாய். வயலில் மடையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அப்படித்தான் தோன்றும்.

பார்சலில் ஒரு 9 வோல்ட் பேட்டரி, நாலு சிவப்பு எல்.இ.டி., ஒரு பொட்டலம் ரெசிஸ்டர் இருக்கிறது. கணக்கைப் போட்டுப் பார். சிவப்பு எல்.இ.டி. எரியும்போது சுமார் 2 வோல்ட்டைத் தனக்கு எடுத்துக்கொள்ளும். மீதி 7 வோல்ட் ரெசிஸ்டர் தலையில். 15 மில்லி ஆம்பியர் ஓட்டினால் போதும். 7ஐ 0.015ஆல் வகுத்தால் 467 வரும். கடையில் கிடைப்பது 470 ஓம். மஞ்சள் நாலு, கத்தரிப்பூ ஏழு, காப்பிக் கலர் ஒரு சைபர். இவ்வளவுதான் ஓம் விதி. 1827இல் அதைப் புத்தகமாகப் போட்ட ஓம் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். அவருடைய அப்பா பூட்டு செய்கிறவர். நம்ம ஆள்தான்!

ரெசிஸ்டர் இல்லாமல் மாட்டினால் எல்.இ.டி. ஏன் கருகுகிறது என்றால், அதற்கு ஓம் விதி பொருந்தாது. டயோடு இனம் அது. கிணற்று மோட்டார் குழாயின் அடியில் இருக்கிற ஃபுட் வால்வு மாதிரி ஒரு பக்கம்தான் விடும். வால்வு திறக்கக் கொஞ்சம் அழுத்தம் வேண்டுமில்லையா, சிலிக்கான் டயோடுக்கு அந்த அழுத்தம் 0.6, 0.7 வோல்ட். திறந்த பிறகு அது அளவு பார்க்காது. அளவு பார்க்கிற வேலை ரெசிஸ்டருடையது.

டிரான்சிஸ்டருக்கு நம் ஊர் நீர்ப்பாய்ச்சியை நினைத்துக்கொள். அவர் கொஞ்சம்போலப் பலகையைத் தூக்கினால் வாய்க்கால் நிறைய ஓடுகிறது. பேஸில் கொடுக்கிற சின்னக் கரண்ட், கலெக்டரில் நூறு மடங்குக்கு மேல்கூட ஓட வைக்கும். ஆனால் தண்ணீர் கண்மாயுடையது, நீர்ப்பாய்ச்சி உண்டாக்கியது இல்லை. பெருக்கித் தருகிற சக்தி பேட்டரியுடையது. இதைப் பரீட்சையில் தப்பாக எழுதிவிடாதே.

கண்டென்சரைப் பற்றி நானே பட்டுத் தெரிந்துகொண்டது ஒன்று உண்டு. இலவச கலர் டிவி கொடுத்த காலத்தில் ஒரு செட் ரிப்பேருக்கு வந்தது. பிளக்கைப் பிடுங்கிவிட்டோமே என்ற தைரியத்தில் போர்டைத் தூக்கினேன். ஆளைத் தூக்கி எறிந்தது. இரண்டு நாள் கை மரத்துக் கிடந்தது. மோட்டாரை நிறுத்தினாலும் மாடித் தொட்டியில் தண்ணீர் நிற்குமே, அது மாதிரி பிளக்கைப் பிடுங்கினாலும் கண்டென்சரில் சார்ஜ் நிற்கும். அதிலும், வீட்டுக்கு வருவது 230 வோல்ட் என்கிறோமே தவிர, அலையின் உச்சி 325 வரை போகும். டயோடு வழியாகக் கண்டென்சரில் நிற்பது அந்த உச்சிதான். பேட்டரியில் மட்டும் பழகு. இந்த வருஷம் பிளக் பாயின்ட் பக்கமே போகாதே.

மீட்டர் ஒன்றும் வைத்திருக்கிறேன், என்னுடைய பழையது. வோல்ட் பார்க்க இரண்டு முனையிலும் குச்சியை வைத்தால் போதும். கரண்ட் பார்க்கக் கம்பியைப் பிரித்து மீட்டரை நடுவில் சேர்க்க வேண்டும். ஆம்பியரில் வைத்துக்கொண்டு பேட்டரியின் இரண்டு முனையையும் தொட்டால் ஃபியூஸ் போய்விடும். எதற்கும் இரண்டு ஃபியூஸ் டப்பாவில் இருக்கிறது. 470 ஓமைப் போட்டு அளந்து பார்; சரியாக 15 வராது, ஒன்றிரண்டு கூடக் குறைய இருக்கும். ஏன் என்று யோசித்து எனக்கு எழுது.

தீபாவளிக்கு வரும்போது மீட்டரை மறக்காமல் கொண்டு வா. தோப்பு மோட்டாரின் ஸ்டார்ட்டரைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அன்புடன்,
மாமா