பகுதிநேர எம்.பி.ஏ. சேரலாமான்னு கேட்கிற நம்ம பிள்ளைகளுக்கு



வெள்ளிக்கிழமை பூஜை முடிந்து பிரசாதம் கொடுக்கும் இடத்தில் கொஞ்ச நாளாக ஒரே கேள்விதான் வருது. "அண்ணே, அக்கா, நீங்க மூணு பேரும் வேலை பார்த்துக்கிட்டே எம்.பி.ஏ. சேர்ந்தீங்களே, எப்படி இருந்துச்சு? நாங்களும் சேரலாமா?" பின்னால் வரிசை நிற்கும்போது இதுக்கு ஒழுங்கா பதில் சொல்ல முடியாது. அதனால இங்கே உட்கார்ந்து எழுதுறோம். கொஞ்சம் நீளமான பதிவு. சேர நினைக்கிறவங்களும், அவங்க வீட்டுல இருக்கிறவங்களும் சேர்ந்து படிச்சா நல்லது.

முதல்ல நாங்க யாருன்னு புதுசா வந்தவங்களுக்குச் சொல்லிடுறோம். மூவரும் ஈப்போவிலேயே வேலை. ஒருத்தர் தொழிற்சாலையில் சூப்பர்வைசர், ஒருத்தர் லாரி கம்பெனி அலுவலகத்தில், ஒருத்தர் தனியார் மருத்துவமனைக் கணக்குப் பிரிவில். மூணு பேரும் தோட்டத்து லயத்தில் பிறந்தவங்க. அப்பா அம்மா பால்மரம் வெட்டினவங்க. அந்தத் தோட்டங்கள் இப்போ செம்பனையாகவோ தாமானாகவோ மாறிப்போச்சு. எங்க ஊர் ஆட்களுக்கு இது தெரிஞ்ச கதைதான்.

நாங்க சேர்ந்த செய்தியை வீட்டில் சொன்னப்போ, எங்களில் ஒருத்தரோட பாட்டி கேட்டது ஒரே கேள்வி. "அது என்னா, துரை படிக்கிற படிப்பா?"

சிரிச்சோம். ஆனா அந்தக் கேள்வியில் அர்த்தம் இருக்கு. தோட்டத்தில் மேலே துரை, அவருக்குக் கீழே கிராணி, அதுக்கும் கீழே தண்டல், கடைசியில் நம்ம சனங்க. பங்களா நாற்காலிக்கும் லயத்துக்கும் நடுவே இருந்த தூரத்தைப் பார்த்து வளர்ந்தவங்க நம்ம பெரியவங்க. அதனால எம்.பி.ஏ.ன்னு சொன்னதும் வீட்டில் எல்லாருக்கும் அந்த நாற்காலிதான் கண்ணுக்குத் தெரியுது. படிச்சு முடிச்சா மேனேஜர், மேனேஜர்னா சம்பளம், கார், மரியாதை.

இந்த எதிர்பார்ப்பைத்தான் முதல்ல பேசணும். எங்க மூவரோட கணக்கையே சொல்றோம். ஒருத்தர் முடிச்சு, ஒரு வருஷம் கழிச்சு வேற கம்பெனிக்கு மாறினார். அங்கே பதவியும் சம்பளமும் கூடுச்சு. ஒருத்தர் முடிச்சார், அதே நாற்காலி, அதே சம்பளம். மூணாவது ஆள் முடிக்கவே இல்லை. மூணு பேரும் படிச்சது ஒரே படிப்பு. பட்டம் ஒரு கதவைத் தட்டிப் பார்க்கிற உரிமையைக் கொடுக்கும். உள்ளே கூப்பிட்டு உட்கார வைக்கும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

அப்போ எதுக்குப் படிக்கணும்? அதுக்கு வர்றோம். முன்னாடி, சேர்ந்தா என்ன நடக்கும்னு பார்ப்போம்.

"பகுதிநேரம்னா மட்டமா?" இதுதான் அடுத்த கேள்வி. இல்லைங்க. ஹார்வர்டில் எம்.பி.ஏ. தொடங்கினது 1908இல். வேலையில் இருக்கிற அதிகாரிகளுக்குன்னு சிகாகோ பல்கலைக்கழகம் 1943இலேயே தனியா ஒரு எம்.பி.ஏ. ஆரம்பிச்சிடுச்சு. நம்ம பக்கத்துக்கு வந்தா, காமன்வெல்த் ஆஃப் லேர்னிங் என்ற அமைப்பும் இந்தியா, பாகிஸ்தான், வங்காளதேசம், இலங்கை நாடுகளின் திறந்தநிலைப் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து, வேலை செய்றவங்களுக்காகவே ஒரு எம்.பி.ஏ. பாடத்திட்டம் உருவாக்கினாங்க. அதை மலேசியாவில் பினாங்கைத் தலைமையிடமாகக் கொண்ட வவாசான் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் நடத்துது. அவங்களுக்கும், மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துக்கும் ஈப்போவில் மையம் உண்டு. கோலாலம்பூருக்கு ஓடணும்னு அவசியம் இல்லை. நாங்க படிச்ச இடத்தோட பேரை இங்கே போடல. இது விளம்பரப் பதிவு இல்லை.

எங்கே சேர்ந்தாலும் ஒண்ணை மட்டும் கட்டாயம் பாருங்க. எம்.கியூ.ஏ. என்கிற மலேசியத் தகுதி நிர்ணய வாரியம் ஒரு பதிவேட்டை இணையத்தில் வச்சிருக்கு. எம்.கியூ.ஆர்.னு சொல்வாங்க. உங்க கல்லூரி பேரு மட்டும் இல்லை, உங்க படிப்போட பேரும் அதில் இருக்கணும். "வகுப்பு வேண்டாம், பரீட்சை வேண்டாம், பணம் கட்டுங்க, சில மாசத்தில் பட்டம்"னு வாட்ஸ்அப்பில் வர்றவங்களுக்குப் பதில் போடாதீங்க. தோட்டத்தில் ஒவ்வொரு காசா சேர்த்த வீட்டுப் பணம் அப்படிப் போகக் கூடாது.

இளங்கலைப் பட்டம் இல்லாதவங்களுக்கும் வழி இருக்கு. ஏப்பல்னு ஒரு முறை. 30 வயசு ஆகியிருக்கணும், எஸ்.டி.பி.எம். அல்லது டிப்ளோமா மாதிரி ஒரு தகுதி வேணும், சம்பந்தப்பட்ட வேலை அனுபவம் வேணும். அனுபவத்தை எழுத்திலும் ஆதாரத்தோடும் காட்டணும், மதிப்பீடும் உண்டு. இருபது வருஷம் சூப்பர்வைசரா இருந்த அண்ணன்மார்கள் "நமக்கெல்லாம் எங்கே"ன்னு ஒதுங்க வேண்டாம்.

இப்போ நேரத்துக்கு வருவோம். யாரும் தெளிவா சொல்லாத விஷயம் இதுதான். பாடம் படிச்சு வாங்குற முதுகலைப் பட்டத்துக்கு மலேசியாவில் குறைந்தது 40 கிரெடிட். ஒரு கிரெடிட்னா மாணவர் 40 மணி நேரம் உழைக்கணும்னு கணக்கு. வகுப்பு, வாசிப்பு, அசைன்மென்ட், பரீட்சை எல்லாம் சேர்த்துத்தான். 40ஐ 40ஆல் பெருக்கினா 1,600 மணி நேரம். ரெண்டு வருஷத்தில் முடிக்கணும்னா வாரத்துக்கு ஏறக்குறைய 15 மணி நேரம். மூணு வருஷம்னா 10 மணி நேரம். விடுமுறை வாரத்தையும் சேர்த்துச் சொன்ன கணக்கு இது, அதனால வகுப்பு நடக்கிற வாரங்களில் இன்னும் கூடும்.

அந்த 15 மணி நேரம் எங்கிருந்து வரும்? வேலை நேரத்தில் இருந்து வராது, முதலாளி விடமாட்டார். தூக்கத்தில் கொஞ்சம் வரும். மீதி எல்லாம் வீட்டில் இருந்துதான். வகுப்பு பெரும்பாலும் சனி, ஞாயிறு அல்லது வேலை முடிஞ்ச இரவு. கல்யாண வீடு, பிள்ளைகளோட தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டி, மாமியாரை கிளினிக்குக்கு அழைச்சுட்டுப் போறது, எல்லாமே ஞாயிற்றுக்கிழமையில்தான் இருக்கு. நீங்க மேசையில் உட்கார்ந்திருக்கும்போது அந்த வேலையை வீட்டில் வேற ஒருத்தர் சத்தமில்லாம தூக்கிச் சுமக்கிறாங்க. பட்டமளிப்புப் படத்தில் அவங்க ஓரமா நிப்பாங்க. அந்த 1,600 மணி நேரத்தில் பாதி அவங்களோடது.

கல்லூரி நாட்காட்டிக்குத் தைப்பூசமும் தெரியாது, தீபாவளிக்கு முந்தின வாரமும் தெரியாது. பேராக்கில் தைப்பூசம் பொது விடுமுறைதான், ஆனா அசைன்மென்ட் அதுக்கு அடுத்த நாளே வந்து நிற்கும். ஒரு வருஷம் புந்தோங்கில் இருந்து ரதம் கல்லுமலைக்குப் புறப்பட்ட ராத்திரி, எங்களில் ஒருத்தர் தண்ணீர்ப் பந்தலுக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு லேப்டாப்பில் தட்டிக்கிட்டு இருந்தார். ஆலயத் தொண்டுக்கு வர முடியலையேன்னு குற்ற உணர்வு வேண்டாம். தலைவர்கிட்ட முன்கூட்டியே சொல்லி விடுப்பு எடுங்க. எங்களுக்கு மத்தவங்க மாத்தி மாத்தி நின்னாங்க. உங்களுக்கு நாங்க நிப்போம்.

பணம். கட்டணம் இடத்துக்கு இடம் ரொம்ப வித்தியாசப்படும். மாதத் தவணையை மட்டும் கேட்காதீங்க. பதிவுக் கட்டணம், பரீட்சைக் கட்டணம், ஒரு பாடம் தவறினா மறுபடி எடுக்கிற கட்டணம், பட்டமளிப்புக் கட்டணம் எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவுன்னு எழுத்தில் வாங்குங்க. அங்கீகரிக்கப்பட்ட முதுகலைப் படிப்புக்கு நீங்க கட்டுற கட்டணத்துக்கு வருமான வரியில் ஆண்டுக்கு 7,000 வெள்ளி வரைக்கும் கழிவு உண்டு. அந்த 7,000 கையில் திரும்பி வராது. வரி போடுற வருமானத்தில் அவ்வளவு குறையும், அவ்வளவுதான். ரசீதைப் பத்திரமா வைங்க. இ.பி.எஃப். பணத்தையும் படிப்புக்கு எடுக்கலாம். 2024 மே மாதம் கணக்கு மூணா பிரிஞ்ச பிறகு, அது செஜாத்ரா கணக்கில் இருந்து வரும். ஆனா அது முதுமைக்கான காசு. 45 வயசில் எடுக்கிறவங்க ரெண்டு தடவை யோசிங்க.

இனி படிப்புக்கு வருவோம். கணக்கியல், நிதி, சந்தைப்படுத்தல், மனிதவளம், உற்பத்தி நிர்வாகம், வியூகம், கடைசியில் ஒரு ஆய்வு. தமிழ்ப்பள்ளியில் தொடங்கி மலாயில் மேலே படிச்சு வந்தவங்களுக்கு, ஆங்கிலத்தில் ஆதாரத்தோடு எழுதுறது முதல் ஆறு மாசம் மலையேற்றம் மாதிரி இருக்கும். பிறகு பழகிடும். குழு வேலை இன்னொரு சோதனை. நாலு பேர் குழுவில் ஒருத்தர் காணாமப் போவார். அன்னதானக் குழுவில் வேலை செஞ்ச நமக்கு அது புதுசு இல்லை.

எதுக்குப் படிக்கணும்னு கேட்டீங்கள்ல, இங்கேதான் பதில் இருக்கு.

ஒரு பாடத்தில், நீங்க அறிந்த ஒரு நிறுவனத்தை ஆராய்ந்து எழுதுங்கன்னாங்க. மத்தவங்க விமானக் கம்பெனி, வங்கின்னு எடுத்தாங்க. நாங்க தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை எடுத்தோம். 1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க ஆரம்பிச்சாங்க. வாங்கினவங்க அதைத் துண்டு துண்டாப் பிரிச்சு வித்தாங்க. தோட்டத்தில் வேலை போச்சுன்னா வீடும் சேர்ந்து போகும். அந்த நேரத்தில், 1960இல், நம்ம சுங்கை சிப்புட் நாடாளுமன்ற உறுப்பினரா இருந்த துன் வீ. தி. சம்பந்தன் இந்தச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளிங்க மாசம் 10 வெள்ளி கட்டினா பங்குதாரர். அன்றைய கூலியில் 10 வெள்ளி சின்னத் தொகை இல்லை. 1961இல் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கினாங்க. பிறகு இன்னும் பல தோட்டங்கள்.

இந்தக் கதையை நாங்க சின்ன வயசில் இருந்து கேட்டிருக்கோம். ஆனா படிக்கும்போதுதான் வேற மாதிரி தெரிஞ்சது. மூலதனம் எப்படித் திரட்டுறது, சின்னத் தவணை ஏன் வேலை செய்யுது, நம்பிக்கை உடைஞ்சா ஒரு சங்கம் என்ன ஆகும், விலை விழுற ரப்பரில் எவ்வளவு ஆபத்து, எல்லாத்தையும் அந்த 10 வெள்ளிக்குள்ளே பார்த்தோம். துரை படிப்பான்னு கேட்ட அதே பாட்டி அந்தச் சங்கத்தில் பங்கு வச்சிருந்தவங்க. எழுதி முடிச்சு அவங்களுக்குத் தமிழில் படிச்சுக் காட்டினோம். "நாங்க கட்டினதைத்தான் நீங்க காசு குடுத்துப் படிக்கிறீங்களா?"ன்னு கேட்டாங்க. ஆமாம், கிட்டத்தட்ட அதுதான்.

படிப்பு கொடுக்கிறது இந்தப் பார்வையைத்தான். ஒரு தொழிற்சாலையோட வேகம் அதில் மிக மெதுவா நடக்கிற இடத்தைப் பொறுத்ததுன்னு ஒரு பாடம். எலியாஹு கோல்ட்ராட் இதை 1984இல் 'த கோல்' என்ற நாவலாகவே எழுதியிருக்கார். அதைப் படிச்ச பிறகு நம்ம தண்ணீர்ப் பந்தலைப் பார்த்தோம். மோர் ஊத்துறதில் தாமதம் இல்லை, குவளை கழுவுறதில்தான் வரிசை நிற்குது. ரெண்டு பேரை அங்கே மாத்தினோம், வரிசை நகர்ந்தது. வெள்ளிதோறும் எத்தனை பேர் சாப்பிட்டாங்கன்னு இப்போ குறிச்சு வைக்கிறோம். சோறு மிஞ்சுறது குறைஞ்சிருக்கு. சம்பளம் கூடாதவர் சொல்றார், "என் மேலதிகாரி கூட்டத்தில் பேசுறது இப்போ எனக்குப் புரியுது. புரியாம தலையாட்டுறது நின்னுபோச்சு." அதுக்கு விலை போட முடியாது.

முடிக்காத மூணாவது ஆளைப் பத்திச் சொல்லணும். மூணாவது செமஸ்டரில் அவங்க அப்பாவுக்குப் பக்கவாதம். தூக்கி உட்கார வைக்க, மருந்து கொடுக்க ஆள் வேணும். படிப்பை ஒத்திவச்சாங்க, பிறகு திரும்பப் போகல. கட்டின பணம் போச்சுன்னு சொந்தக்காரங்க பேசினாங்க. ஆனா நம்ம ஆலயக் கணக்கை இப்போ மாசாமாசம் தெளிவா எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டுறது அவங்கதான். பாதியில் நிறுத்தினது தோல்வின்னு நாங்க யாரும் நினைக்கல. ஒத்திவைக்க எத்தனை செமஸ்டர் விடுவாங்க, எடுத்த கிரெடிட் எவ்வளவு காலம் செல்லும்னு சேரும்போதே கேட்டு வைங்க. எந்த வீட்டிலும் எதுவும் நடக்கலாம்.

அதனால, சேரலாமான்னா, சேரலாம். ஆனா தனியா முடிவு எடுக்காதீங்க. விண்ணப்பம் போடும் முன்னாடி வீட்டில் எல்லாரையும் உட்கார வச்சு நாலு விஷயம் பேசுங்க. ஞாயிற்றுக்கிழமை வேலைகளை யார் பார்ப்பாங்க? பெற்றவங்களுக்கு உடம்பு சரியில்லைன்னா என்ன செய்வோம்? மொத்தக் கட்டணம் எங்கிருந்து வரும்? சம்பளம் ஒரு காசு கூடலைன்னாலும் இந்தப் படிப்பு வேணுமா? நாலாவது கேள்விக்கு மனசார "வேணும்"னு பதில் வந்தா, தைரியமா போங்க.

இன்னும் கேட்கணும்னா ஞாயிறு காலை எட்டு மணிக்கு மடப்பள்ளிப் பக்கம் வாங்க. காய் நறுக்கிக்கிட்டே பேசலாம். கத்தி நாங்க தர்றோம்.

முருகன் துணை.
ஆலயத் தொண்டர்கள் மூவர்