வெளியேறிய தண்ணீரின் கணக்கு

கொங்கு நாட்டு ஊர்ப் பெயர்களில் ஓர் எளிமை உண்டு. பாளையம், பட்டி, வலசு, புதூர் என்று முடியும் அப்பெயர்களில் பகட்டு எதுவும் இல்லை. யாரோ சில குடும்பத்தார் வந்து தங்கினார்கள், கிணறு வெட்டினார்கள், கிளுவை நட்டு வேலி கட்டினார்கள், ஊர் ஆயிற்று. ஒரத்துப்பாளையமும் அப்படிப்பட்ட ஓர் ஊர்தான். சென்னிமலைக்கும் காங்கேயத்துக்கும் இடையே, நொய்யலாற்றின் கரையில், திருப்பூருக்குக் கிழக்கே முப்பது கிலோமீட்டர் அளவில் அமைந்த சிற்றூர்.

ஆனால், இன்று அப்பெயரைச் சொன்னால் யாருக்கும் ஊர் நினைவுக்கு வருவதில்லை; அணைதான் நினைவுக்கு வருகிறது. அணை என்றதும் தண்ணீர் நினைவுக்கு வருவதில்லை. சாயக்கழிவுதான் நினைவுக்கு வருகிறது. மனிதர்கள் வாழும் ஓர் ஊரின் பெயர் ஒரு கேட்டின் பெயராகவே மாறிப்போவது எத்துணைக் கொடுமை! அவ்வூரில் பிறந்த பிள்ளை தன் ஊர்ப் பெயரைச் சொல்லும்போதெல்லாம், கேட்பவர் முகத்தில் ஓர் இரக்கம் தோன்றுகிறது. அந்த இரக்கத்தை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அதனால்தான் அந்த ஊரையும் அதைச் சூழ்ந்த நாட்டையும் பற்றிச் சிறிது எழுத விரும்புகிறேன்.

நொய்யல் பெரிய ஆறு அன்று. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோயம்புத்தூரையும் திருப்பூரையும் கடந்து, நொய்யல் என்ற பெயரையே கொண்ட ஊரில் காவிரியோடு கலக்கிறது. காஞ்சிமாநதி என்பது அதன் பழம்பெயர். மழைக்காலத்தில் ஓடும், மற்ற மாதங்களில் மணலாய்க் கிடக்கும். எனினும், அந்தச் சிற்றாறு வளர்த்த நாகரிகம் சிறிதன்று. ஒரத்துப்பாளையத்துக்கு அருகில், அதே ஆற்றின் வடகரையில் கொடுமணல் இருக்கிறது. பதிற்றுப்பத்து கொடுமணம் என்று குறிப்பிடும் ஊர் அது. தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் 1985 முதல் அங்கே அகழ்ந்தபோது, இரும்பு உருக்கிய உலைகளும், பச்சைக்கல், படிகம், சூதுபவளம் ஆகியவற்றால் மணி செய்த பட்டறைகளும் வெளிப்பட்டன. தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் கிடைத்தன. மேலைக் கடற்கரையிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கரூருக்குச் சென்ற வணிகப் பெருவழி இவ்வூரைத் தொட்டுச் சென்றது. யவனர் நாட்டு மகளிர் அணிந்த மணிகளில் சில இந்த மண்ணில் பிறந்தவையாக இருக்கலாம்.

ஆகவே, கடல் கடந்த நாட்டாருக்குப் பொருள் செய்து அனுப்புவது நொய்யல் கரைக்குப் புதிய தொழில் அன்று. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் மணி. நம் காலத்தில் பனியன். அவ்வளவே வேற்றுமை. ஆனால், மணி செய்தவர்கள் விட்டுச் சென்ற மண்ணில் பின்வந்தோர் உழுது விதைக்க முடிந்தது. நாம் விட்டுச் செல்வது என்ன என்பதே கேள்வி.

ஆற்றை விட்டுத் தெற்கே சென்றால் காங்கேயம் நாடு. மழை குறைந்த பூமி. அங்குள்ள உழவர்கள் நிலத்தின் ஒரு பகுதியை உழாமல் கொறங்காடு என்று விட்டுவைப்பார்கள். கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை வேலி. காங்கேயம் மாடு வளர்ந்தது அந்தப் புல்லில்தான். கன்று சிவப்பாகப் பிறந்து சில மாதங்களில் வெண்சாம்பல் நிறம் கொள்ளும் அதிசயத்தை அங்குள்ள சிறுவர்கள்கூட விளக்குவார்கள். ஆற்றங்கரையில் தென்னை, மஞ்சள், புகையிலை, மேட்டில் சோளமும் கம்பும், கொறங்காட்டில் மாடு. இருக்கும் நீருக்கு ஏற்ப வாழ்வை அளந்துகொண்ட மக்கள் அவர்கள்.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கெழுதப் போனது 1987ஆம் ஆண்டு. என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒரத்துப்பாளையத்தை அடுத்த ஒரு தோட்டத்துக்காரர். 1990ஆம் ஆண்டு தைப் பொங்கலுக்கு என்னைத் தம் ஊருக்கு அழைத்துச் சென்றார். அப்போது அணைக்கட்டு வேலை நடந்துகொண்டிருந்தது. அவருடைய தந்தையார் என்னைக் கிணற்று மேட்டுக்கு அழைத்துப்போனார். கிணறு ஆழம், நீர் எங்கோ அடியில் ஒரு தட்டு அளவு மின்னியது. "இத்தன வருசமா இதுக்குத்தானுங்க ஏங்கிக் கெடந்தோம். அண வந்துட்டாக் கெணத்துல தண்ணி தானா ஊறுமுங்க" என்றார். அவர் முகத்தில் இருந்த நம்பிக்கையை நான் மறக்கவில்லை.

அணை 1992இல் பயன்பாட்டுக்கு வந்தது. ஏறத்தாழ 16 கோடி ரூபாய்ச் செலவு. பத்தாயிரம் ஏக்கருக்கு மேல் பாசனம் பெறும் என்பது திட்டம். அதில் பெரும்பகுதி கீழே கரூர்ப் பக்கத்து நிலங்கள். பெரியவர் சொன்னது பலித்தது. கிணற்றில் தண்ணீர் ஊறியது. ஆனால், ஊறிய தண்ணீர் வேறு.

அது ஏன் அப்படி ஆயிற்று என்பதைச் சிறிது விளக்கமாகச் சொல்ல வேண்டும். பருத்தித் துணியில் சாயம் ஒட்ட வேண்டுமானால் உப்புத் தேவை. சாயத்தொட்டியில் இடும் உப்புத்தான் சாயத்தை நீரிலிருந்து நூலை நோக்கித் தள்ளுகிறது. அடர்ந்த நிறம் என்றால், ஒரு கிலோ துணிக்கு அரைக் கிலோ அளவுக்குக்கூட உப்புச் செலவாகும். அந்த உப்பில் ஒரு துளியும் துணியில் தங்குவதில்லை. வேலை முடிந்ததும் முழுவதும் நீரோடு வெளியேறிவிடும். 1990களின் பிற்பகுதியில் கட்டப்பட்ட பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் நிறத்தைக் குறைத்தன, கசடை வடித்தன. உப்பை என்ன செய்ய முடிந்தது? ஒன்றும் இல்லை. கண்ணுக்குத் தெளிவாகத் தோன்றிய நீரிலும் உப்பு அப்படியே இருந்தது.

நொய்யலில் ஆண்டு முழுவதும் நல்ல நீர் ஓடியிருந்தால் அந்த உப்புக் கரைந்து கடலுக்குப் போயிருக்கக்கூடும். ஆனால், கோடையில் ஆற்றில் ஓடியது கழிவு மட்டுமே. எழுநூற்றுக்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளின் நீர் முப்பது கிலோமீட்டர் ஓடிவந்து ஒரு சுவரின் பின்னே நின்றது. நின்ற இடத்தில் வெயில் நீரை எடுத்துக்கொண்டது, உப்பை விட்டுவைத்தது. நிலத்தடியில் இறங்கிக் கிணறுகளில் ஊறியது அந்த உப்புநீர்தான். சோடியம் ஏறிய களிமண் இறுகிப்போகும். மேலே ஊற்றும் நீர் உள்ளே இறங்காது. உழவனுக்கு அதைவிடப் பெரிய இழவு உண்டா?

1998இல் மீண்டும் சென்றேன். கிணறு நிறையத் தண்ணீர் இருந்தது. தென்னைகளில் குரும்பை உதிர்ந்து, எஞ்சிய காய்கள் சிறுத்துக் கிடந்தன. வீட்டுக்கு வந்தவருக்கு முதலில் ஒரு சொம்புத் தண்ணீர் கொடுப்பது கொங்கு நாட்டு வழக்கம். நண்பரின் தாயார் சொம்பை எடுத்தவர் சற்றுத் தயங்கி, "இது லாரித் தண்ணிதானுங் கண்ணு, பயப்படாமக் குடிங்க" என்றார். தன் வீட்டு நீரைக் குடிக்கச் சொல்ல முடியாத ஓர் இல்லத்தரசியின் வெட்கம் அந்தச் சொற்களில் இருந்தது. அவர் எந்தத் தவறும் செய்யவில்லை. ஆனாலும் வெட்கம் அவருடையதாயிற்று.

என் தொழில் கணக்கு. ஆகவே, கணக்கின் மொழியிலேயே சொல்கிறேன். எங்கள் பேரேட்டில் நூலுக்கு ஒரு தலைப்பு இருந்தது. நிட்டிங் கூலி, சாயக் கூலி, தையல் கூலி, பேக்கிங், லாரி வாடகை என்று ஒவ்வொன்றுக்கும் தலைப்பு உண்டு. தண்ணீருக்கும் ஒரு தலைப்பு இருந்தது. சுற்றுப்புறக் கிராமத்துக் கிணறுகளிலிருந்து டேங்கர் லாரிகளில் வாங்கிய நீருக்கு அது. உள்ளே வரும் தண்ணீருக்குக் காசு வரை கணக்கு உண்டு. வெளியே போகும் தண்ணீருக்கு ஒரு வரிகூட இல்லை. எங்கள் பேரேட்டில் மட்டுமா? திருப்பூரின் எந்தப் பேரேட்டிலும் இல்லை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருந்து விலை பேசிய நிறுவனங்களின் பேரேட்டிலும் இல்லை. ஒரு பனியனின் விலையைச் சென்ட் கணக்கில் குறைக்கச் சொன்னவர்கள், அந்தக் குறைவை யார் கொடுக்கிறார் என்று கேட்டதில்லை. அந்தக் கணக்கு எழுதப்பட்ட ஏடு ஒன்று இருந்தது. அது ஒரத்துப்பாளையத்து மண்.

உழவர்கள் நீதிமன்றம் சென்றார்கள். கீழ்ப்புறத்து உழவர்கள் அணையைத் திறக்காதீர் என்றார்கள். திறந்தால் அவர்கள் பயிர் கருகும். அணையை ஒட்டியவர்கள் தேக்காதீர் என்றார்கள். தேக்கினால் அவர்கள் கிணறு கெடும். உலகில் உழவர்கள் தண்ணீர் கேட்டுப் போராடியதைப் படித்திருக்கிறோம். தண்ணீர் வேண்டாம் என்று போராடிய உழவர்கள் இவர்கள்.

இழப்பீட்டை மதிப்பிட அமைக்கப்பட்ட ஆணையம், 68 கிராமங்களைச் சேர்ந்த 28,596 உழவர்களுக்கு, 2004 இறுதி வரையிலான இழப்பாக ஏறத்தாழ 24 கோடியே 80 லட்சம் ரூபாயைக் கணக்கிட்டது. வகுத்துப் பார்த்தால் தலைக்கு ஒன்பதாயிரம் ரூபாய்க்கும் குறைவு. ஒரு தலைமுறையின் நிலத்துக்கு அதுவா விலை? எனினும், 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பில் ஒரு புதுமை இருந்தது. கழிவே வெளியேறாத நிலையை எட்டும் வரை, வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் 6 காசு, பிறகு 8 காசு, பிறகு 10 காசு என்று பட்டறைகள் செலுத்த வேண்டும் என்றது அத்தீர்ப்பு. வெளியேறும் தண்ணீருக்கு முதன்முதலாக ஒரு தலைப்பு எழுதப்பட்டது! 2009இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஆணை முழுமையாக நிறைவேறாத நிலையில், 2011 ஜனவரி 28 அன்று சாயப்பட்டறைகள் அனைத்தையும் மூடும்படி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

அந்த நாட்களைத் திருப்பூரில் இருந்து கண்டவன் நான். நகரமே நின்றுபோயிற்று. சாயம் இல்லையேல் தையல் இல்லை. தையல் இல்லையேல் சனிக்கிழமைக் கூலி இல்லை. தென் மாவட்டங்களிலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு இரயில் நிலையத்தில் நின்றார்கள். அவர்கள் செய்த குற்றம் என்ன? அதைவிட நெஞ்சை அறுத்த ஒன்றும் உண்டு. நிலம் கெட்டபின் நொய்யல் கரைக் கிராமத்துப் பெண்கள் வேறு வழியின்றிக் கம்பெனி வேன் ஏறித் திருப்பூருக்குத்தான் வந்துகொண்டிருந்தார்கள். என் நண்பரின் தங்கை மகளும் அவர்களுள் ஒருத்தி. ஓவர்லாக் மிஷினில் ஒன்றரை ஷிப்ட் வேலை. அவள் தைத்த துணியின் சாயம் அவள் தாத்தாவின் கிணற்றில் இருந்தது. பட்டறைகள் மூடப்பட்டபோது அவளும் வேலையின்றி வீட்டில் இருந்தாள். கிணறு கெட்டபோதும் அந்த வீடு இழந்தது. கிணற்றைக் காக்க ஆணை வந்தபோதும் அந்த வீடே இழந்தது.

ஆகவே, உழவருக்கும் தொழிலாளிக்கும் பகை என்று சொல்வோரை நான் நம்புவதில்லை. இருவரும் பல வேளைகளில் ஒரே வீட்டில் உண்டு உறங்குகிறவர்கள். பகை அவர்களுக்கிடையே இல்லை. செலவை மறைத்து எழுதிய கணக்குக்கும் உண்மைக்கும் இடையேதான் இருந்தது.

பின்னர்ப் பட்டறைகள் படிப்படியாகத் திறந்தன. இப்போது எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில் நீரைப் பிரித்து மீண்டும் பயன்படுத்துகிறார்கள்; எஞ்சியதைக் காய்ச்சி உப்பை மீட்கிறார்கள். அது செலவு மிகுந்த முறை. ஆயினும் முடியும் என்று திருப்பூர் காட்டியிருக்கிறது. ஆண்டுக்கு முப்பதாயிரம் கோடி ரூபாயைக் கடந்த ஏற்றுமதி அந்தச் செலவைத் தாங்கிக்கொண்டுதான் நடந்தது. அப்படியானால், 1992இல் முடியாது என்று சொன்னது உண்மையில் முடியாததா, விரும்பாததா? மீட்க இயலாத கலப்பு உப்புக் கசடு இன்னும் ஒரு சுமையாகவே இருக்கிறது. மழை நாளில் ஆறு நிறம் மாறி ஓடியது என்ற செய்தியும் அவ்வப்போது வருகிறது. அணையோ, கட்டிய நோக்கத்துக்குப் பயன்படாமல் நிற்கிறது. ஒரு தலைமுறை ஏற்றிய உப்பை மண் ஒரு மழையில் விட்டுவிடுமா?

அன்பர்களே, பனியனை வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. அந்தத் தொழில் எனக்கும் சோறு போட்டது. நிலமற்ற பல்லாயிரம் குடும்பங்களுக்கு முதன்முதலாக வாரக்கூலி என்ற உறுதியைத் தந்தது. நான் கேட்பதெல்லாம் ஒன்றே. மலிவு என்று ஒரு பொருளை நாம் கையில் எடுக்கும்போது, அதன் மீதி விலையை எங்கோ ஒருவர் செலுத்தியிருக்கக்கூடும் என்பதை எண்ண வேண்டும். அவருக்கு ஒரு பெயர் உண்டு. ஓர் ஊர் உண்டு. விருந்தினருக்கு நீட்ட ஒரு சொம்பும் உண்டு. அவரை எண்ணாத கணக்கு, கூட்டல் எவ்வளவு சரியாக இருந்தாலும், தவறான கணக்கே.

ஒரத்துப்பாளையம் ஓர் அணையின் பெயர் அன்று. அது ஓர் ஊர். முதலில் அந்தப் பெயரையேனும் அவ்வூர் மக்களுக்குத் திருப்பிக் கொடுப்போம். மண்ணைத் திருப்பிக் கொடுக்கும் கடன் அதற்குப் பின்னும் நிலுவையில் இருக்கிறது.