ரூபாய்க்கு ஓர் அணா

எங்கள் குடும்பம் பாகம் பிரிந்தது ஒரு வேஷ்டியால்தான் என்று பாட்டி சொல்லுவாள். பெரிய தாத்தா டவுனில் ஜவுளிக்கடை வைத்தாராம். அன்று முதல் வீட்டில் யாரும் வேறு கடையில் துணி எடுக்கக் கூடாது என்று கட்டளை. விலையோ ரூபாய்க்கு ஓர் அணா அதிகம். வயலில் பாடுபட்ட என் தாத்தா நாலு வருஷம் பொறுத்தார். ஐந்தாவது தீபாவளிக்கு எதிர்க்கடை வேஷ்டியைக் கட்டிக்கொண்டு கூடத்தில் வந்து உட்கார்ந்தார். அடுத்த அறுவடைக்குள் அடுப்பு இரண்டாகிவிட்டது.

அமெரிக்காவில் 1828-ல் வந்த காப்புவரியைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த வேஷ்டி ஞாபகம் வருகிறது.

வடக்கே, மாஸச்சூஸெட்ஸ் போன்ற ராஜ்யங்களில் நெசவாலைகள் முளைத்த காலம். இங்கிலாந்துச் சரக்கு மலிவாக வந்து குவிந்தால் ஆலைகள் படுத்துவிடும். ஆகவே அந்நியச் சரக்குக்கு வரி. நியாயம்தான். ஆனால் தெற்கத்திப் பருத்திப் பண்ணையார் தம் பருத்தியை இங்கிலாந்துக்கு விற்கிறவர். விற்பது உலகச் சந்தை விலைக்கு. சாமான் வாங்குவதோ வரி ஏறிய விலைக்கு.

தெற்கத்திப் பிரதிநிதிகள் ஒரு தந்திரம் செய்து பார்த்தார்கள். வடக்கத்தியாருக்கு வேண்டிய கச்சாப் பொருள்களுக்கும் வரியை ஏற்றிவிட்டால், அவர்களே மசோதாவைக் கவிழ்த்துவிடுவார்கள் அல்லவா? மசோதா நிறைவேறிவிட்டது! கதையில் நான் இப்படி ஒரு திருப்பம் வைத்தால் பத்திரிகை ஆசிரியர் நம்பமாட்டார்.

நூறு பொதி பருத்தியில் நாற்பது பொதி வரிக்கே போகிறது என்று கணக்குச் சொன்னார், தென் கரோலினாவின் மக்டஃபி. மிகைக் கணக்கு. பருத்தி விலை 1819-லேயே சரிந்துவிட்டது. அவர்கள் மண்ணும் சாரமிழந்திருந்தது. இருந்தாலும் நாற்பது பொதி என்றால் யாருக்கும் புரிகிறதே!

1832 நவம்பரில், அந்த வரிச் சட்டங்கள் தன் எல்லைக்குள் செல்லாது என்று தென் கரோலினா அறிவித்தது. உப ஜனாதிபதி கால்ஹூன் பதவியை உதறிவிட்டுச் சொந்த ராஜ்யத்தின் பக்கம் போய் நின்றார். ஜனாதிபதி ஜாக்ஸன், 1833 மார்ச் 2-ந் தேதி இரண்டு சட்டங்களில் கையெழுத்திட்டார். ஒன்று, ராணுவத்தைக் கொண்டு வரியை வசூலிக்க. மற்றொன்று, அதே வரியைப் படிப்படியாகக் குறைக்க!

வரி குறைந்தது, மனம் ஆறவில்லை.

"ஓர் அணாவுக்காகவா பாட்டி பிரிந்தீர்கள்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அணா ஒரு சாக்குடா. இன்னிக்கு வேஷ்டி, நாளைக்கு இன்னும் எதிலே கை வைப்பாரோன்னு பயம்."

கால்ஹூனும் 1830-ல் எழுதிய ஒரு கடிதத்தில் இதையேதான் ஒப்புக்கொண்டார். வரி வெறும் சந்தர்ப்பம், மூல காரணம் வேறு என்றார். வேறு என்பது அடிமை முறை. வரி போடும் கை நாளைக்கு அடிமைகளை விடுவிக்கவும் நீளுமே! அந்தப் பயத்துக்கு ஒரு கணக்கையும், வடக்கு தெற்கு என்ற எல்லைக்கோட்டையும் காப்புவரி கொடுத்தது.

ஆனால் என் தாத்தாவைக் கால்ஹூனோடு ஒரே திண்ணையில் உட்கார வைக்க எனக்கு மனமில்லை. தாத்தா தம் உழைப்பு போகிறதே என்று கோபித்தார். நாற்பது பொதி போயிற்றே என்று புலம்பிய பண்ணையார்களோ, நூறு பொதியையும் பறித்துக் கொடுத்த கைகளைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

'செல்லாது' என்று சொல்லிப் பழகிய நாக்குக்கு, 'பிரிகிறோம்' என்பது 28 வருஷத்தில் சரளமாக வந்துவிட்டது. 1860 டிசம்பரில் முதலில் விலகியதும் அதே தென் கரோலினாதான். விலகும் காரணங்களைச் சொல்லி அப்போது ஒரு பிரகடனம் வெளியிட்டார்கள். அதில் அடிமைகளைப் பற்றித்தான் பேச்சு. காப்புவரி என்ற சொல்லே இல்லை.