மாரிகுப்பம் செல்லும் மாலை இரயில்

பெங்களூரில் இருட்டிய பின் எங்கே போகலாம் என்று கேட்கிறீர்கள். ஒருநாள் மாலை மாரிகுப்பம் இரயிலில் ஏறிப் பாருங்கள். உட்கார இடம் கிடைத்தால் அது உங்கள் பாக்கியம்! பங்காருபேட்டையைத் தாண்டியதும் கோரமண்டல், உரிகம், சாம்பியன் என்று ஒவ்வொரு நிலையத்திலும் டிபன் பாத்திரங்களோடு நம் ஜனங்கள் இறங்குவார்கள். அந்த இருட்டில் கரிய குன்றுகளைப்போலத் தெரிபவை மலைகளல்ல, பொன்னெடுத்தபின் கொட்டிய சயனைடு மண்மேடுகள். அவற்றின்மேல் ஏறவேண்டாம்.

சிவசமுத்திரத்திலிருந்து சுமார் 147 கி.மீ. கம்பி இழுத்து 1902-ல் இங்கே மின்சாரம் கொண்டுவந்தார்கள். பெங்களூர் வீதிகளில் விளக்கெரிந்தது 1905-ல்தான். ஆனால் அந்த மின்சாரம் வந்தது சுரங்க இயந்திரங்களுக்காக. மூன்று கிலோமீட்டருக்கும் அதிக ஆழத்தில் வேலைசெய்த தகப்பன்மாருக்குப் பகலும் இரவும் ஒன்றே.

2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டது. அவர்களுடைய பிள்ளைகள் இன்று விடியுமுன் பெங்களூருக்குப் புறப்பட்டு, இருட்டியபின் திரும்புகிறார்கள். சென்றமுறை சாம்பியனில் இறங்கிய ஒரு வாலிபர் கைப்பேசியில் மனைவியிடம் முதலாவது கேட்டது: "பாப்பா தூங்கிவிட்டாளா?"