கடன் வாங்கிய விழிப்பு

ஜப்பான் போய்வந்த நண்பர் ஒருவர் என் மேஜைமேல் ஒரு சின்னப் பழுப்புக் கண்ணாடிப் புட்டியை வைத்துவிட்டுப் போனார். லிபோவிட்டான் டி. இருமல் மருந்துப் புட்டி மாதிரி இருந்தது, 100 மில்லி. டைஷோ என்ற மருந்துக் கம்பெனி 1962இல் விற்க ஆரம்பித்த பானம். களைத்துப் போன ஆபீஸ்காரர்கள் ஒரே மூச்சில் குடித்துவிட்டு மறுபடி வேலைக்குத் திரும்புவார்கள் என்றார்.

இந்த இதழின் புரூஃபைக் காலைக்குள் திருத்தியாக வேண்டும். இரவு பத்து மணிக்குக் குடித்தேன். தித்திப்பு, லேசான புளிப்பு, பின்னால் வைட்டமின் மாத்திரையின் வாடை. அரை மணியில் கண் தெளிந்தது. நெஞ்சு கொஞ்சம் வேகமாக அடித்தது. ஒரு கால்புள்ளி தப்பவில்லை.

புட்டியில் 1000 மில்லிகிராம் டாரின் இருக்கிறது. 1827இல் மாட்டின் பித்தநீரிலிருந்து முதலில் பிரித்தெடுத்த பொருள். பெயரும் காளையிலிருந்து வந்ததுதான். ஆனால் விழிக்க வைப்பது பெரும்பாலும் அதிலுள்ள 50 மில்லிகிராம் காஃபீன். ஒரு டம்ளர் காப்பியிலேயே அவ்வளவு கிடைத்துவிடும். விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் சேர்ந்து அசதியைச் சொல்கிறது. காஃபீன் அதன் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. அசதி அப்படியேதான் இருக்கிறது; சேதி மட்டும் வந்து சேர்வதில்லை.

இரண்டு மணிக்கு என் கவிதை இருந்த பக்கத்துக்கு வந்தேன். அம்மாவைப் பற்றியது. முக்கூடல் வீட்டில் சுளகை மடியில் வைத்துக்கொண்டு அவள் பீடி சுற்றிய ராத்திரிகள். அந்த விழிப்பை அன்பு என்று எழுதியிருந்தேன். நல்ல கவிதை என்று நண்பர்கள் சொல்லியிருந்தார்கள். அச்சுப்பிழை ஒன்றும் இல்லை.

ஆனால் அன்றைக்கு எனக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. ஊர் அடங்கியபின் அம்மா ஒருமுறை எழுந்து கருப்பட்டிக் காப்பி போடுவாள். டம்ளர் காலியானதும் விரல்கள் மறுபடி வேகம் பிடிக்கும். "நீ படுல. எனக்கு இன்னும் இருநூறு கெடக்கு" என்பாள். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. விடிந்து கடையில் கொடுக்கும்போது சரியில்லாததைக் கழித்துவிடுவார்கள். கழித்ததற்குக் காசு கிடையாது. அந்தக் காப்பி எதற்கு என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. அந்த வாசனை எனக்குப் பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

அவளிடம் அன்பு இல்லை என்று சொல்ல வரவில்லை. கூலி இருக்க வேண்டிய இடத்தில் அந்தச் சொல்லை உட்கார்த்தி வைத்தவன் நான். அதனால் அவளுடைய அசதி கவிதைக்குள் வரவே இல்லை.

மூன்று மணிக்குப் பத்தமடைப் பாயில் படுத்தேன். தூக்கம் வரவில்லை. காஃபீன் உடம்பில் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் பிடிக்கும். மறுநாள் முழுக்கத் தலை கனத்தது. ஒரு ராத்திரிக்கே எனக்கு இப்படி. அம்மா முப்பது வருஷத்துக்குமேல் சுற்றினாள்.

காலையில் அச்சகத்துக்குப் போய்க் கவிதையை எடுத்துவிடச் சொன்னேன். பக்கம் காலியாக இருக்கிறதே என்றார்கள். அந்தப் பக்கத்தில்தான் இது வருகிறது.