கண்கொத்தி

பாம்பு பிடிக்கக் கிளம்பும்போது கம்பி, இடுக்கி, பை மூன்றும் கூடவே வரும். பச்சைப்பாம்பு என்று தெரிந்தால் மூன்றையும் வண்டியிலேயே விட்டுவிடுவேன்.

மூக்கண்டப்பள்ளியில் எனக்கு வரும் அழைப்புகளில் பாதி சிப்காட் பக்கத்திலிருந்துதான். அன்றும் ஒரு தொழிற்சாலை மதில்தான், அதன்மேல் படர்ந்த காகிதப்பூ. ஷிப்ட் முடிந்தவர்கள் தள்ளி நின்றார்கள். "ஹசிரு ஹாவு" என்றார் ஒருவர் கன்னடத்தில். "பசிரிக பாமு" என்றார் இன்னொருவர் தெலுங்கில். காவலாளி தமிழர். "கிட்டப் போகாதீங்க சார், கண்ணைக் கொத்திடும்!"

மற்ற இரண்டு மொழியும் நிறத்தைச் சொல்ல, தமிழ் பயத்தைச் சொன்னது. சிங்களத்திலும் இதே பயம்தான். பச்சைப்பாம்பின் அறிவியல் பெயரிலுள்ள 'அஹேதுல்லா', கண்ணைக் கொத்துவது என்ற பொருளுள்ள சிங்களச் சொல்லிலிருந்து வந்தது. இலங்கைப் பாம்பும் நம் சமவெளிப் பாம்பும் வேறு வேறு இனம் என்று 2020-இல் பிரித்துவிட்டார்கள். பயம்தான் பிரியவில்லை.

கண்தான் அதன் பிழைப்பு. படுக்கவைத்த சாவித்துளை போன்ற கண்மணி. கண்ணிலிருந்து மூக்கு நுனிவரை பார்வைக்கு வழிவிடும் பள்ளம். ஓணான் இருக்கும் தூரத்தை இரண்டு கண்ணும் சேர்ந்து அளக்கும். காற்றில் கொடி ஆடினால் தானும் ஆடும். பின்பற்களில் விஷம் உண்டு. ஓணானுக்கு அது போதும். மனிதருக்குப் பெரும்பாலும் கடித்த இடத்தில் வீக்கம், மரமரப்போடு சரி.

தொடக்கத்தில் இதன் கழுத்தையும் இடுக்கியால் பிடித்திருக்கிறேன். உடம்பை உப்பி, செதில்களுக்கு நடுவே கறுப்பு வெள்ளைக் கட்டம் காட்டி, வாயைப் பிளக்கும். சீற்றம் என்று நினைத்தேன். நடுக்கம் என்று புரிய நாளாயிற்று. இப்போது ஒரு குச்சியை அதன் முன்னால் நீட்டி நிற்பேன், அவ்வளவுதான். கால் மணி நேரமானாலும் தானே ஏறும். பத்தடி தள்ளியிருக்கும் புதரில் விடுவேன். வெகுதூரம் கொண்டுபோனால் பழகிய இரையும் இடமும் போய்விடும்.

"பச்சைப்பாம்பை உருவிவிட்டா சமையல்ல கைமணம் வரும்னு எங்க ஆயா சொல்லும். ஒரு தடவை தொடட்டுமா தம்பி?" என்றார் அன்று கூட்டத்தில் நின்ற கேன்டீன் அக்கா.

"உங்க குழம்பு ஏற்கெனவே நல்லாத்தான் இருக்குக்கா. அது பாவம், முதுகு நோகும்."

சிரித்துக்கொண்டே கலைந்தார்கள்.

அடுத்த வாரம் காவலாளியிடமிருந்து போன். "சார், அதே இடத்துல வந்திருக்கு." சாவியை எடுத்தேன். "வர வேண்டாம் சார். சும்மா சொன்னேன்."